மழை நாளில் நடந்தது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை கனமழை காரணமாக மதியம் 12.30 மணிக்கே பள்ளியை விட்டோம். அந்தச் செய்தி உங்களில் பலருக்கு வந்து சேரவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 9 பேர் சைக்கிள் கொட்டகையில் மூன்று மணி வரை சாரலில் நனைந்தபடி நின்றிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல். இதற்கு நான்தான் பொறுப்பு. உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் விசாரித்தேன். வாட்சப்பில் போட்டாச்சு, நெட் இல்லாததால் போகவில்லை என்றது அலுவலகம். அலுவலகம் சொல்லியிருக்கும் என்று வகுப்பாசிரியர்கள் நினைத்தார்களாம். வேன்காரருக்கு யாருமே போன் பண்ணவில்லை. யார் சொன்னதும் பொய்யில்லை. என்னிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது: அன்று எனக்கு வெளியூரில் கூட்டம்.

இப்படி ஆளுக்கொரு காரணமாக அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் லால் பகதூர் சாஸ்திரி நினைவுக்கு வந்தார். திங்கட்கிழமை காலை வணக்கத்தில் பிள்ளைகளிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1956 நவம்பர் 23, விடிகாலை. இதே மாதிரி அடைமழைக்காலம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த விரைவு ரயில், அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போய், 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் சாஸ்திரி. பாலத்தைக் கட்டியவரும் அவரில்லை, ரயிலை ஓட்டியவரும் அவரில்லை. ஆனாலும் பதவியை விட்டு விலகினார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் அருகே இன்னொரு பாலம் இடிந்து 100 பேருக்கு மேல் இறந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்திருந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி விடவில்லை. விபத்துக்கு இவர் காரணம் என்பதால் அல்ல, ஆட்சி நடத்துவதில் இது ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றுதான் ஏற்றுக்கொள்வதாக நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அவர் ராஜினாமா பண்ணினா செத்தவங்க திரும்ப வந்துடுவாங்களா சார்?” வரமாட்டார்கள் என்றேன். அந்தக் கேள்வி இரண்டு நாளாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர், யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் வாசல் வாசலாக அலைவது இன்னொரு துக்கம். அந்த அலைச்சலையாவது அவர் மிச்சப்படுத்தினார். அவளுக்கு இந்தப் பதில் போதுமா, தெரியவில்லை.

சாஸ்திரியின் அரசியல் அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு மறுபடி அமைச்சரானார், 1964இல் பிரதமர். அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர், மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனவர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். வீட்டில் பிள்ளை தானாக வந்து “நான்தான் உடைச்சேன்” என்று சொன்னால், அந்த நிமிஷம் கை ஓங்காதீர்கள். பள்ளியில் நாங்களே இதில் தவறியிருக்கிறோம். போன மாதம் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. ஒப்புக்கொண்ட பையனிடம் மட்டும் அபராதம் வாங்கினோம். கூட விளையாடிய மூன்று பேர் சத்தம் காட்டாமல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அந்தப் பணத்தை நேற்று அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி திடீர் விடுமுறை என்றால் வகுப்பாசிரியரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வார். அழைத்துப்போக ஆள் வரும்வரை எந்தப் பிள்ளையும் வகுப்பறையை விட்டு இறங்காது. கடைசிப் பிள்ளை போகும்வரை நானோ உதவித் தலைமையாசிரியரோ பள்ளியில் இருப்போம். உங்கள் போன் எண் மாறியிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்