கூட்டாஞ்சோறு ஆக்க ஓர் அடுப்பு வேண்டும்

தமிழ்நாடு வனத்துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் சென்னை பெரம்பூரில் வசிப்பவள். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளின் தாய். கோடை விடுமுறையில் மலைக்கு வரும் குடும்பங்கள் வெட்டவெளியில் சமைத்து உண்பதற்கு, அரசு சட்டப்படி காத்துவரும் காப்புக்காட்டுக்கு வெளியே, தண்ணீரும் காவலும் உள்ள நிலையான அடுப்புகளை அரசே அமைத்துத் தர வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தால் நேர்ந்த ஒரு தவறுதான் என்னை எழுத வைத்தது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதக் கடைசியில், எங்கள் குடும்பமும் என் நாத்தனார் குடும்பமும் ஒரு வேன் பிடித்துப் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனோம். ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் வழியில், வற்றிப்போன ஓடை ஒன்றின் கரையில் நிழலைக் கண்டதும் பிள்ளைகள் அங்கேயே சமைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஓடையிலிருந்து மூன்று கல்லை எடுத்து வைத்து, சுள்ளி பொறுக்கி, அரிசியும் பருப்பும் போட்டு உலை வைத்தோம். சற்று நேரத்தில் அந்தக் கற்களில் ஒன்று பட்டாசு போல வெடித்து, சில்லு ஒன்று நாத்தனார் மகனின் காலருகே வந்து விழுந்தது. நீரில் ஊறிய கல்லுக்குள் ஈரம் தங்கியிருக்கும் என்பதும், சூடேறும்போது அது ஆவியாகிக் கல்லையே பிளந்துவிடும் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அரை பாட்டிலை அடுப்பில் ஊற்றினோம். புஸ்ஸென்று ஆவி எழுந்து அடங்கியது. தீ அணைந்துவிட்டதென்று நம்பிக் கிளம்பிவிட்டோம்.

மாலையில் அதே வழியாகத் திரும்பியபோது அந்த இடத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது. மலைவாழ் மக்களில் வயதான ஓர் அம்மாவும் இரண்டு இளைஞர்களும் பச்சைத் தழைகளை ஒடித்து, தரையில் ஓடிக்கொண்டிருந்த தீயை அடித்து அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு மனை அளவுக்குப் புல் கருகிக் கிடந்தது. நாங்களும் இறங்கி அடித்தோம். எல்லாம் ஓய்ந்த பிறகு அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து, புறங்கையை எங்கள் அடுப்புச் சாம்பலுக்கு மேலே காட்டச் செய்தார். மேலே நனைந்து இறுகிய சாம்பலுக்கு அடியிலிருந்து அத்தனை மணி நேரம் கழித்தும் அனல் அடித்தது. “மேல நனைஞ்சா போதுமா கண்ணு, உள்ள கங்கு கெடக்குது பாரு” என்று சொல்லிவிட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, மறுபடி புறங்கையை வைத்துப் பார்த்தார். நான்கு முறை அப்படிச் செய்த பிறகே குச்சியைக் கீழே போட்டார். அவர் குடத்தில் இருந்தது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய தண்ணீர் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நான் சொல்ல வருவதன் அடிப்படை ஒன்றுதான். எங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். மலைக்காடு காய்ந்து சருகாகக் கிடப்பதும் அதே காலத்தில். பிப்ரவரியில் தொடங்கும் தீக்காலம் கோடைமழை நன்றாக இறங்கும் வரை நீடிக்கிறது. சமவெளியில் ஒரு குப்பைமேடு எரிவதைப் போன்றதல்ல மலைச்சரிவில் பிடிக்கும் தீ. அதன் சுவாலை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், சரிவு பத்து பாகை (டிகிரி) கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டார்கள். அவர்களில் எங்கள் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு.

காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதை 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமே தடுக்கிறது. அந்தத் தடையை ஒரு சொல்லும் தளர்த்த வேண்டாம். யானைகள் நடமாடும் முதுமலை, ஆனைமலைப் பகுதிகளில் இந்த வசதியை நான் கேட்கவும் இல்லை. ஆனால் தடை மட்டும் இருந்து வேறு இடம் காட்டப்படாதபோது நடப்பது என்ன என்பதை ஏலகிரியிலும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் விடுமுறை நாளில் கொண்டை ஊசி வளைவுகளில் நின்று பார்த்தாலே தெரியும். வளைவுக்கு வளைவு கரிபிடித்த கற்கள் கிடக்கின்றன. சில தனியார் கூடார விடுதிகளில் காய்ந்த புல்தரைக்கு நடுவிலேயே இரவில் நெருப்பு வளர்க்கிறார்கள். குளிருக்காக மிச்சக் கரியைக் கூடாரத்துக்குள் எடுத்துச் செல்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். மூடிய இடத்தில் கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவர் விழிப்பதில்லை என்பதை அங்கே ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

அப்படியானால் சமைக்காமலே இருந்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அடுக்குமாடியில் பொங்கல் பானைகூடக் கேஸ் அடுப்பில்தான் ஏறுகிறது. விறகு எப்படிப் பற்றும், காற்று மாறினால் புகை எந்தப் பக்கம் திரும்பும், சோறு வேகும் வரை தீயை எப்படித் தணித்து வைப்பது என்பதெல்லாம் என் பிள்ளைகளுக்கு அன்று வரை தெரியாது. என் தலைமுறை, தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஆக்கிய கூட்டாஞ்சோற்றில் இதைக் கற்றது. என் மகள் இன்றைக்கும் பேசுவது அந்தச் சாதத்தைப் பற்றியும், அந்த அம்மா சாம்பலைக் கிளறிய விதத்தைப் பற்றியும்தான். தீயை மதிக்க அவள் கற்றது தீயின் அருகில் நின்றதால்தான். அது காட்டை எரித்துக் கற்கும் பாடமாக இருக்கக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே, மலையடிவாரங்களிலும் மலை ஊர்களிலும் உள்ள சுற்றுலா வளர்ச்சிக் கழக வளாகங்களிலோ ஊராட்சி நிலங்களிலோ, சுற்றிலும் புல் செதுக்கி மண்தரையாக்கிய இடத்தில், கல்யாண வீடுகளில் கட்டும் கோட்டை அடுப்பைப் போல இடுப்பளவு செங்கல் மறைப்புடன் பத்துப் பன்னிரண்டு அடுப்புகளைக் கட்டித் தாருங்கள். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் இருக்கட்டும். விறகை யாரும் காட்டில் பொறுக்காதபடி, உள்ளூர் மகளிர் குழுவினர் எடை போட்டு விற்கட்டும். அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர் புறங்கையை வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகே குடும்பங்கள் கிளம்பலாம் என்று விதி செய்யுங்கள். காற்று பலமான நாள்களிலும், இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் தீ எச்சரிக்கை அந்தப் பகுதிக்கு வந்திருக்கும் நாள்களிலும் அடுப்புகளைப் பூட்டிவிடுங்கள். நாங்கள் கட்டுச்சோற்றோடு வருகிறோம்.

இது உங்களால் ஆகாத காரியம் அல்ல. 2024 அக்டோபரில் 40 மலையேற்றத் தடங்களை இணையப் பதிவுடனும் உள்ளூர் வழிகாட்டிகளுடனும் திறந்தது தமிழ்நாடு அரசுதான். அதே ஏற்பாட்டில் குடும்பங்களுக்கான அடுப்புத் திடலையும் சேர்க்கலாம். கட்டணம் வைத்தால் கட்டத் தயாராக இருக்கிறோம். வரும் ஏப்ரலுக்குள் ஒரே ஒரு மலையில், ஜவ்வாது மலையிலேயே, ஒரு திடலை அமைத்துப் பாருங்கள். காவலுக்கு ஆள் தேடும்போது, ஜமுனாமரத்தூர் சாலையோரக் குடியிருப்புகளில் அந்த அம்மாவின் வயதை ஒத்தவர்களை முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு தாய்