பச்சை விரிப்பு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பெரியம்மாவின் சாவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். செய்தி உனக்கு ஏற்கெனவே எட்டிவிட்டதாக உன் தங்கை சொன்னாள். அதனால் நாள், நேரம், நோய் எதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் ஆயர் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தை எடுத்தார். சபையில் ஒரு மூதாட்டி இறந்தால் தொற்காளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? யோப்பாவில் அந்தச் சீஷி இறந்து கிடக்கிறாள். விதவைகள் அழுதபடி, அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டுகிறார்கள். பிரசங்கம் செய்பவர்கள் அந்த இடத்தில் நிற்பதில்லை. அவள் உயிரோடு எழுந்ததற்கு ஓடிவிடுவார்கள். எனக்கோ அந்தத் துணிகள்தான் மனதில் நிற்கும். தொற்காள் பேசியதாக ஒரு வார்த்தைகூட அந்த அதிகாரத்தில் கிடையாது. தைத்த துணி மட்டும்தான் சாட்சி.

பிறகு ஏழு பேர் புகழ்ந்து பேசினார்கள். ஒருவர் "சாந்த சொரூபி" என்றார். என் கை தானாகக் காதுக்குப் போனது. ஜெப நேரத்தில் நீ ஏதோ சொல்லி நான் சிரித்தேனே, அன்று பாடகர் குழுவின் வரிசைக்கே வந்து இருவர் காதையும் பிடித்துத் திருகிய சாந்த சொரூபி! பாட்டு இழுத்தால் முன்வரிசையிலிருந்து செருமுவார். ஆயர் மாறினாலும் அந்தச் செருமல் மாறவில்லை. அதையெல்லாம் யாரும் சொல்லாததில் எனக்குக் கோபம்தான். வேறு யாரையோ அடக்கம் செய்வதுபோல் இருந்தது.

அவர் என்னென்ன செய்துவந்தார் என்பது அடுத்த ஞாயிறன்றுதான் தெரிந்தது. பாட்டு எண் பலகையில் முந்தின வாரத்து எண்களே தொங்கின. ஆர்கன் ஒரு பாட்டை வாசிக்க, பாதிச் சபை வேறொரு பாட்டைத் திறந்துவைத்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அன்று கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு; அந்தக் காலத்துக்கு நிறம் ஊதா. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் அந்த நாளை நாட்காட்டி பார்க்காமலே சொல்பவர் அவர். முந்தின நாள் மாலையே பீடத்தின் பச்சை விரிப்பு போய் ஊதா வந்திருக்கும். இந்த முறை ஆயர் தோளில் ஊதா ஸ்டோல் பட்டை அணிந்து, காத்திருத்தலைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பின்னால் பீடம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன செய்வது? விரிப்புகள் இருந்த அலமாரியின் சாவி எங்கே என்று கேட்கும் வழக்கமே எங்களுக்கு இருந்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் ஒரு கூட்டமே தேடியது. ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிய பிறகு எண்ணிப்பார்த்து, யார் வரவில்லை என்று பெரியம்மா கண்டுபிடிப்பார் என ஒரு பெண் சொன்னாள். நான் நம்பவில்லை. "கிண்ணம் எண்ணிக்கையைத்தானே சொல்லும், ஆளைச் சொல்லாதே" என்றேன். "எண்ணிக்கை குறைந்தால் இருக்கைகளை நினைத்துப் பார்ப்பார். அன்று மாலையே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்" என்றாள். என் மனைவி இறந்தபின் நான் ஆலயத்துக்கு வராமல் இருந்த அந்த இரண்டு மாதமும் ஞாயிறு மாலை தவறாமல் அவர் வந்து நின்றது நினைவுக்கு வந்தது. அனுதாபம் என்று நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்! அது தெரிந்ததும் அவர் மீது மதிப்பு கூடித்தான் போயிற்று.

சரி, ஊதா விரிப்புக்கு வருகிறேன். பெரியம்மாவோடு பதினோரு வருடமாகப் பேசாமல் இருந்தாரே ஓர் அம்மாள், நினைவிருக்கிறதா? பெண்கள் ஐக்கியத்தில் இருவரும் இரட்டை மாடுகள்போல இழுத்தவர்கள். சண்டை எதற்கென்று இன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பாடகர் குழுவின் அங்கித் துணி என்பார்கள் சிலர். வேதாகமத்தில் வரும் பிலிப்பி சபையின் எயோதியாள், சிந்திகேயாள் கதைதான். இருவரும் தன்னோடுகூடச் சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள், ஒரே சிந்தையாயிருக்கட்டும் என்று பவுல் எழுதுகிறார். என்ன தகராறு என்று எழுதவில்லை. சேர்ந்தார்களா என்றும் தெரியாது.

அந்த அம்மாள் எங்கள் தேடலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைத்தடியை ஊன்றி உள்ளே போய், ஆர்கனுக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்தார். "இரண்டாவது தட்டில், வெள்ளைக்கு அடியில் இருக்கும்" என்றார். இருந்தது. அடி ஓரத்துச் சிலுவைகளை அவரும் பெரியம்மாவும் பாதிப் பாதியாகத் தைத்தார்களாம். விரித்துப் பார்த்தோம்; இடப்பக்கத் தையல் நெருக்கம், வலப்பக்கம் கொஞ்சம் தளர்வு. எது யாருடையது என்று கேட்டேன். "தளர்ந்தது அவளுடையது. அப்போதே பிரித்துத் தைக்கச் சொன்னேன்" என்றார். குரலில் கோபம் அப்படியே இருந்தது. விரிப்பைப் பீடத்தில் போட்டுவிட்டு, வலப்பக்கச் சுருக்கங்களை வெகுநேரம் கையால் நீவிக்கொண்டே நின்றார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

இப்போது வேலைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். வராதவர்களைப் போய்ப் பார்க்க மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

நீ ஓய்வு பெற்றதற்கு வாழ்த்து. கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. ஈஸ்டருக்கு வருவதாக எழுதியிருந்தாய், வந்துவிடு. பாட்டு எண் பலகை என் பொறுப்பு. சென்ற வாரம் 6ஐத் தலைகீழாக மாட்டிவிட்டேன். 126க்குப் பதில் எல்லாரும் 129ஐத் திறந்துகொண்டு நின்றார்கள். முன்வரிசையில் செருமல் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரன்