கார் குறிப்பில் உப்பைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கார் பராமரிப்பு பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். டயர் காற்று, ஆயில், வைப்பர், ஏசி என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உப்பு என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை தேடினேன், இல்லை. எழுதியவர் எங்கள் பக்கத்துக் காரில் கை வைத்ததில்லை போலிருக்கிறது. நான் ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற உச்சிப்புளியில் 26 வருஷமாக டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். இங்கே காருக்கு முதல் வியாதி உப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன மாதம் ஒரு வெள்ளைக் கார் வந்தது. வாங்கி ஐந்து வருஷம்தான் ஆகிறதாம். பின்கதவின் கீழோரத்தில் பெயிண்ட் மிளகு மிளகாகக் கொப்புளித்திருந்தது. "லேசா டச்சப் பண்ணி விடுங்கண்ணே" என்றார் ஓனர். கதவின் அடி விளிம்பில், உள்ளே போகிற தண்ணீர் வடிய என்றே கம்பெனியில் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அத்தனையும் மணலும் வேப்பஞ்சருகுமாக அடைத்துக் கிடந்தன. பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினேன். அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

சந்தேகப்பட்டுப் பின்சீட்டுக் காலடியில் விரித்திருந்த மேட்டைத் தூக்கினேன். அடியில் கம்பளம், அதற்கும் அடியில் பஞ்சு. பிழிந்தால் தண்ணீர் வருகிறது, கருவாட்டுக் கூடை வாடை. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். தகரம் அப்பளமாக நொறுங்கி, ஓட்டை வழியாக என் பட்டறைத் தரை தெரிந்தது.

"ஷெட்டுல நிக்கிற வண்டிண்ணே, மழையே பட்டதில்ல" என்றார் பாவம். மழையை யார் குறை சொன்னது? வீட்டுக்கு வருகிற சொந்தபந்தத்தை எல்லாம் ராமேஸ்வரம் கூட்டிப் போகிறார். அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத்துணி மூட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அடுத்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. முழங்கால் நனைய நின்றுவிட்டு அதே காலோடு ஏறி உட்காருகிறார்கள். கடல் தண்ணீர் காய்ந்து போகும், உப்பு எங்கேயும் போகாது. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு கிடக்கும். ஐப்பசியில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தார்கள். அதற்கு முன் மணலில் போய்வந்த வேன்காரர்களுக்கு வண்டி என்ன கதியாகும் என்று தெரியும். இப்போது ஊர்பட்ட கார் போகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஓரக் கல்லில் மோதுகிற அலை வண்டி மேலேயே சிதறும். முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கிறார்கள்? பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்தது. ஆள் போட்டுச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவந்த பாலம், கடைசியில் துருவால்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயிண்டும் போட வேண்டியிருந்தது. காரின் தகரம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது.

தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தையும் சக்கரத்துக்கு மேல் இருக்கிற குழிவையும் நன்றாகக் கழுவ வேண்டும். இதைச் சொன்னால் உடனே போர் மோட்டாரைப் போடுவார்கள். நம் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை பூக்கிறது, அதுவும் உப்புதானே! குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் நல்ல தண்ணீரில் காரைக் கழுவச் சொன்னால் பெண்கள் என்னை அடிக்க வருவார்கள். நான் சொல்லும் வழி இது: மணலும் சேறும் போக போர் தண்ணீரையே அடியுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் போதும். மழை பெய்தால் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ராத்திரி ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட அலசுவதற்கு அருமையானது. ரேடியேட்டரில் மட்டும் அதையும் ஊற்றாதீர்கள், போர் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் போனால் கெட்டிலில் படிகிற சுண்ணாம்பு அங்கேயும் படியும். கூலண்ட்தான், அதற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும்.

கழுவி முடித்ததும் கவரைப் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈர வண்டிக்குக் கவர் போடுவது அவியலுக்கு மூடி போடுகிற மாதிரி. காற்றில் ஆட ஆட மணலும் சேர்ந்து பெயிண்டைத் தேய்க்கும். நிழலும் காற்றோட்டமும் இருந்தால் கவரே வேண்டாம். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இல்லாவிட்டால் பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று நானே ஏமாந்த கதை. என் பழைய வேன் ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் 'டிக் டிக்' என்றது. கடைக்காரர் பேட்டரி போச்சு என்றார், புதுசு வாங்கினேன். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே சத்தம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காசு கொடுத்து வேலை பார்த்தேன். கடைசியில் ஒரு எலக்ட்ரீசியன் பையன், பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிக் காட்டினான். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க இரண்டு நிமிஷம். துருவோடு தினமும் மல்லுக்கட்டுகிற எனக்கே அது தோன்றவில்லை. ஜம்பர் வயரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் மாட்டிப் பாருங்கள். வண்டி கிளம்பினால் கோளாறு எர்த்தில்தான். பேட்டரி கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள்.

கருவேல முள் பஞ்சர் பற்றி எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும், விடுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தொழிலின் குட்டுதான், இருந்தாலும் சொல்கிறேன். துருவை வெட்டியெடுத்துத் தகடு வைத்து வெல்டிங் பண்ணுவது வேலை. துரு மேலேயே பட்டியை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது கண்கட்டு. விற்கப்போகிற வண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் பிடிக்காது. பிறகு மேட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். துருவுக்கு இன்சூரன்ஸில் ஒரு பைசா பெயராது.

அடுத்த தடவை கார் குறிப்பு போடும்போது எங்கள் மாவட்டப் பக்கத்திலாவது உப்புக்கு நாலு வரி ஒதுக்குங்கள். அரிச்சல்முனையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு பலகை வைக்கவும் அதிகாரிகளுக்கு உங்கள் நாளிதழ் எடுத்துச் சொன்னால் நல்லது. 'காலைத் துடைத்துவிட்டு வண்டியில் ஏறவும்' என்று எழுதினால் போதும். பெயிண்ட் செலவு என்னுடையது, எழுதியும் தருகிறேன்.

இப்படிக்கு,
டிங்கர் பட்டறைக்காரர்,
உச்சிப்புளி.