பாடக்குறிப்பில் திரைக்கும் நேரம் குறிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளின் திறன்மிகு வகுப்பறைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரை எவ்வளவு பெரியது, இணைய வேகம் எவ்வளவு என்பதெல்லாம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளையில் ஆசிரியர் என்ன செய்வார் என்பது மட்டும் இல்லை.

நாங்கள் எழுதும் பாடக்குறிப்பிலும் இதே கதைதான். துணைக்கருவிகள் என்ற இடத்தில் 'காணொலி, ஸ்மார்ட் போர்டு' என்று எழுதினால் கையெழுத்து கிடைத்துவிடும். எந்தக் கேள்விக்காக அந்தக் காணொலி, எந்த இடத்தில் நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. கணக்குப் புத்தகங்களில், வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளுக்கு 'இணையச் செயல்பாடு' என்று தனிப்பகுதியே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாடம் முடிந்த பிறகு வேடிக்கை காட்டத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது.

முக்கோணத்தின் கோணங்களை எடுத்துக்கொள்வோம். முதலில் ஆளுக்கொரு முக்கோணம் நோட்டில் வரைந்து, கோணமானியால் அளந்து கூட்டட்டும். 178 வரும், 183 வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, யாருடையது சரி என்று சண்டை கிளம்பிய பிறகு திரையில் ஜியோஜீப்ரா முக்கோணத்தைப் போடலாம். முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், கூடுதல் மாறாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மென்பொருள் கோணங்களை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் காட்டுவதால், சில நிலைகளில் கூட்டிப் பார்த்தால் 179.99 அல்லது 180.01 வரும். அதைக் கூட்டிப் பார்க்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள். முந்தின நாளே இழுத்துப் பார்த்த ஆசிரியர் அதையே அடுத்த கேள்வியாக்கிவிடுவார். பார்க்காதவர் மழுப்புவார்.

அப்புறம் திரையை அணைத்துவிட வேண்டும். எத்தனை முறை இழுத்துக் காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது. உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டக் கரும்பலகையே போதும். ஆக, திரைக்கு வேலை பத்து நிமிடம்தான்.

பயிற்சிகளில் எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லித் தருகிறார்கள், சரி. அதில் அரை நாளை ஒதுக்கி, ஒரே பாடம் எடுப்பவர்களைச் சேர்த்து உட்காரவைத்து, அடுத்த மாதப் பாடத்துக்கு இப்படிக் குறிப்பு எழுத வைக்கலாம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும். ஜியோஜீப்ராவை முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமல் ஓடும். கரண்ட் இல்லாமல் ஓடாது.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.