ஆளில்லாத பாலைவனமா அது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல எகிப்துல இருக்குற நாசர் ஏரி பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். அஸ்வான் அணை, 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி, தண்ணியில முங்காம இருக்க அபு சிம்பல் கோயிலத் துண்டு துண்டா அறுத்து 65 மீட்டர் மேல ஏத்தி வச்சது எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா "ஆளில்லாத பாலைவனத்தில்"னு ஒரு வார்த்த போட்டிருந்தீங்க, அது மனசுல முள்ளா நிக்குது.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, அங்க நைல் ஆத்தங்கரையில காலங்காலமா நூபியர்கள்ங்கிற சனங்க இருந்தாங்க. 1963-64ல எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 பேர ஏரிக்காக ஊர விட்டுக் கிளப்பி, அஸ்வானுக்கு வடக்க கோம் ஓம்போ பக்கம் கொண்டு போயி விட்டாங்க, சூடான்ல வாடி ஹல்ஃபா ஊரே முங்கிப்போச்சு. 2018ல நானும் வீட்டுக்காரரும் டூர் போனப்ப அஸ்வான்ல எங்களுக்குப் படகு ஓட்டுனவரு நூபியர்தான். அவரோட பாட்டி ஊர விட்டுக் கிளம்புன அன்னைக்கு சமாதிக்கெல்லாம் போயி தண்ணி தெளிச்சுட்டு வந்துச்சாம், சாகுற வரைக்கும் அதயே சொல்லிக்கிட்டு இருந்துச்சாம். கைடு அத எங்களுக்கு எடுத்துச் சொல்றப்ப அந்த மனுசன் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. கோயிலக் காப்பாத்த எத்தனையோ நாடு காசு குடுத்துச்சு ஐயா, அந்தக் கிழவியோட தாய் தகப்பன் சமாதி ஏரிக்குள்ள போயிருச்சு.

எனக்கு ஏன் இம்புட்டுக் கோவம்னா எங்க பக்கத்தயும் நீங்க இப்படித்தான் எழுதுறீங்க. முன்ன ஒரு பொங்கல் மலர்ல செட்டிநாட்டு வீடுகள்னு பதினாறு பக்கம், தேக்குத் தூணு, ஆத்தங்குடிக் கல்லு, எல்லாம் போட்டுட்டு ஆரம்பத்துலயே "தண்ணியில்லாக் காடு"ன்னு எழுதுனீங்க. அந்த வீட்டு ஓட்டுல விழுற மழ முத்தத்துல இறங்கி, தெருக் கால்வாயில ஓடி ஊருணிக்குப் போற மாதிரிதான் ஊரயே அமைச்சிருக்காங்க. அதுல ஒரு வரி இல்ல. அப்பவே கடிதம் போட்டேன், வரல.

எங்க ஆத்தா ஊருணியில குடத்த முக்குறதுக்கு முன்னாடி செருப்பப் படிக்கு மேலயே கழட்டிரும், நாங்க கால் நனைச்சா அடி விழும். வீட்டுக்கு வந்ததும் தேத்தாங்கொட்டைய எடுத்துக் குடத்துக்குள்ள சுத்தி உரசும், கலங்கல் எல்லாம் அடியில படிஞ்சு காலையில கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணி. சித்திரையிலயும் அந்த ஊருணிதான் ஊருக்கே. இப்ப ஊருணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்வாய மூடி பிளாட் போட்டுட்டாங்க, மழ பேஞ்சா தண்ணி ரோட்டுல நிக்குது, ஊருணி செம்புராங்கல் தெரியக் காஞ்சு கெடக்கு. மனு குடுக்கப் போன ஆபீஸ்ல ஒருத்தர், அது வறண்ட ஊருதானேம்மா, எப்பவுமே அப்படித்தானேன்னு சொல்லிட்டாரு. அவரு எங்க படிச்சிருப்பாரு, உங்கள மாதிரிப் பத்திரிகையிலதானே?

தண்ணி இருந்த இடத்த இல்லன்னும், ஆளு இருந்த இடத்த ஆளில்லன்னும் எழுதிப்புட்டா அப்புறம் அங்க யாரு என்ன செஞ்சாலும் கேக்க நாதி இல்ல ஐயா.

அடுத்த இதழ்ல நூபியர்கள் பத்தி ஒரு திருத்தம் போடுங்க, நாலு வரி போதும். முடிஞ்சா ஐப்பசி மழைக்கு முன்னாடி உங்க போட்டோகிராபர எங்க ஊருக்கு அனுப்புங்க, மூடுன வரத்துக்கால் எங்க ஓடுச்சுன்னு நானே கூட வந்து காட்டுறேன், மதியச் சாப்பாடு எங்க வீட்டுல.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
காரைக்குடி பக்கம்