டிராம் எப்போது வரும்? ஒரு பலகை வையுங்கள்

கொல்கத்தாவில் டிராம் ஓட வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சென்னைக்காரன். 2025 ஜனவரியில் நான்கு நாள் உங்கள் ஊரில் இருந்தேன். வந்ததே டிராம் ஏறத்தான். இந்தியாவில் வேறெந்த ஊரிலும் இல்லையே, எங்கே போவது?

காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே, ஷியாம்பஜார் வண்டிக்காக நின்றேன். நிறுத்தம் எதுவென்று டீக்கடைக்காரர் காட்டித்தான் தெரிந்தது. பலகை இல்லை, நேரமும் எழுதியிருக்கவில்லை. எப்போது வரும் என்று சைகையில் கேட்டேன். மண் குவளையை நீட்டியபடி "ஆஷ்பே" என்றார். வரும் என்று அர்த்தமாம். இரண்டு குவளை குடித்தாயிற்று, வரவில்லை.

பக்கத்தில் ஒரு பாட்டி நின்றிருந்தார். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் போல. பெரிய எக்ஸ்ரே உறை ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். பஸ்கள் வந்தன. ஒன்றும் முழுதாக நிற்கவில்லை. வேகம் குறையும், கண்டக்டர் கத்துவார், ஓடத் தெரிந்தவர்கள் தொற்றிக்கொள்வார்கள். பாட்டி ஒவ்வொரு முறையும் இரண்டடி முன்னே வைப்பார், உறை கசங்கிவிடுமோ என்று பார்ப்பார், பின்வாங்குவார். ஐம்பது நிமிடம் இப்படியே போனது. கடைசியில் கைரிக்ஷாக்காரர் ஒருவரிடம் பேரம் பேசி, படியாமலேயே ஏறிப் போனார்.

அவர் போய் ஐந்தே நிமிடத்தில் டிராம் வந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர். இதைத்தானே "ஆளே ஏறுவதில்லை" என்று கணக்கில் எழுதுவீர்கள்?

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. எத்தனை மணிக்கு வரும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பலகை வையுங்கள்.

டிராமால் நெரிசல், அதனால் எஸ்பிளனேடிலிருந்து மைதானம் என்கிற பெரிய திடல் வரைக்கும் போகும் தடம் மட்டும் பாரம்பரியச் சவாரியாக இருக்கும் என்று 2024 செப்டம்பரில் உங்கள் அரசு அறிவித்தது. நெரிசலைப் பற்றி எங்களிடம் கேட்டிருக்கலாம். மதராஸில் மின்சார டிராம் 1895-லேயே ஓடியது, உங்களுக்கு ஏழு வருடம் முன்னால். 1953-ல் நிறுத்தினோம். அப்புறம் எங்கள் மவுண்ட் ரோடு எவ்வளவு காலியாகக் கிடக்கிறது என்பதை ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்கள். 1873-ல் குதிரை இழுத்த காலத்திலிருந்து ஊர்க்காரர்களை வேலைக்கும் சந்தைக்கும் கொண்டுபோன வண்டியை மைதானத்தில் வெளியூர்க்காரனுக்கு வேடிக்கை காட்ட விடுவதற்குப் பெயர் பாரம்பரியமா? சுற்றிவர எனக்கு ராட்டினம் போதும். காய்கறிப் பையும் பள்ளிக்கூடப் பையும் ஏறும் வண்டியில், டிரைவர் காலால் மணியை மிதிக்க மிதிக்க, ஓரமாக உட்கார்ந்து போகத்தான் ரயிலேறி வந்தேன்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். புது வண்டி கேட்கவில்லை, ஏசி கேட்கவில்லை. பலகைதான். மாட்ட இடமில்லை என்றால் அந்த டீக்கடைக்காரரைக் கேளுங்கள், தன் கடைத் தூணைத் தருவார். வங்காள மொழியில் மட்டும் எழுதினாலும் போதும். அடுத்த முறை வருவதற்குள் வங்காள எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஷியாம்பஜாருக்கு டிக்கெட் எடுத்த ஒருவன்