எதிர்மனுதாரரிடம் வாங்கும் ஏழைச் சான்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சிறைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அங்கே ஒரு கைதி ஆட்கொணர்வு மனு (தன்னைச் சிறையில் வைத்திருப்பது சட்டப்படி தவறு என்று போடும் மனு) போட 405 டாலர் கட்ட வேண்டும் என்று இருந்தது. அது பிழை. 405 என்பது மத்திய மாவட்ட நீதிமன்றங்களில் சாதாரண சிவில் வழக்குக்கான கட்டணம். ஆட்கொணர்வு மனுவுக்குச் சட்டம் குறித்திருப்பது வெறும் 5 டாலர். திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று தெரிகிறது. 1996இல் வந்த ஒரு சட்டப்படி, சிறை நிலைமைகளை எதிர்த்து வழக்குப் போடும் கைதி எவ்வளவு ஏழையானாலும் கட்டணத்தை முழுதாகக் கட்டியாக வேண்டும். கையில் இல்லையென்றால் அவருடைய சிறைக் கணக்கில் மாதாமாதம் சேர்வதில் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆட்கொணர்வு மனுவுக்கு இது பொருந்தாது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டன.

5 டாலர்தானே என்று நாம் நினைக்கலாம். மத்திய சிறைகளில் அன்றாட வேலைக்குக் கூலி மணிக்கு 12 முதல் 40 சென்ட். 12 சென்ட் வாங்குபவர் 5 டாலர் சேர்க்க 41 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் பெரும்பாலான வேலைகளுக்குக் கூலியே கிடையாது. அயோவா மாநிலம் இதே மாதிரி மனுவுக்கு 4 டாலர் கேட்டபோது, பணமில்லாத கைதியிடம் அதைக் கேட்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே தீர்ப்பளித்தது. ஆக, விலக்கு உண்டு. அதை வாங்கும் வழிதான் எனக்கு உறுத்துகிறது.

நான் நீதிமன்றத்தில் மனு வாங்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 'பாப்பர் மனு', அதாவது கட்டணம் கட்ட வசதியில்லை என்று போடும் மனு, என்று நாங்கள் சொல்வதன் அமெரிக்க வடிவம்தான் இது. தான் ஏழை என்று கைதி பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். கூடவே, அவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சிறைக் கண்காணிப்பாளரோ பொறுப்பான அதிகாரியோ சான்று தர வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் எதிர்மனுதாரர் யார்? பெரும்பாலும் அதே கண்காணிப்பாளர்! வழக்குப் போடுகிறவர், தான் ஏழை என்ற சான்றை எதிராளியின் அலுவலகத்தில் போய் நின்று வாங்க வேண்டியிருக்கிறது.

தாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிளாரன்ஸ் கிடியன் என்ற கைதியே சாட்சி. ஃபுளோரிடா சிறையிலிருந்து அவர் உச்ச நீதிமன்றத்துக்கு முதலில் அனுப்பியது, ஏழைப் பிரமாணப் பத்திரம் இல்லை என்று ரிட்டர்ன் ஆனது. மறுபடி பென்சிலால் எழுதி அனுப்பியதில்தான் 1963இன் தீர்ப்பு வந்தது. குற்ற வழக்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு அரசே வைத்துத் தர வேண்டும் என்றானது. அவர் சலித்துப்போய் விட்டிருந்தால்?

பிறகு ரிட்டர்ன் இன்னும் ஆபத்தானது. மாநிலக் கைதிகள் ஆட்கொணர்வு மனுவோடு மத்திய நீதிமன்றத்துக்கு வர ஓராண்டுதான் கெடு என்று 1996இன் இன்னொரு சட்டம் வைத்துவிட்டது. 2004இல் விதியைத் திருத்தி, கட்டணமோ விலக்கு மனுவோ இல்லாவிட்டாலும் நீதிமன்ற அலுவலர் மனுவைக் கோப்பில் எடுத்தாக வேண்டும் என்றார்கள். நல்ல திருத்தம். ஆனால் எடுத்த பிறகும் சான்று கேட்டுக் கடிதம் போகும். தராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம்.

அந்த 5 டாலரையே எடுத்துவிட்டால் என்ன? மத்திய நீதிமன்றம் தண்டித்த கைதி தன் தண்டனையை எதிர்த்து அதே நீதிமன்றத்தில் போடும் மனுவுக்கு அங்கே கட்டணமே இல்லை. மாநிலக் கைதிக்கு மட்டும் எதற்கு? நம் ஊரில் வெள்ளைக்காரன் 1870இல் போட்ட கோர்ட் கட்டணச் சட்டத்திலேயே, கைதி கொடுக்கும் மனுவுக்குக் கட்டணமில்லை என்று ஒரு வரி உண்டு. சிறைத் தபாலில் வந்த மனுவில் கோர்ட் கட்டண ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா என்று நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
மதுரை.